தெருப்பெயர்களும் தெரு இணைவும்: புதுச்சேரி நகரப் பரவலை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

1. முன்னுரை

ஒரு நகரின் தெருக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு இணைகின்றன என்பது நகரமைப்பாளரின் வினா. அத்தெருக்களை மக்கள் எச்சொற்களால் வழங்குகின்றனர் என்பது மொழியியலாரின் வினா. இவை இரு வேறு துறைகளுக்குரியனபோலத் தோன்றலாம். ஆயினும், தமிழில் தெருவைக் குறிக்கும் சொற்களுட் பல, அத்தெரு பிற தெருக்களோடு கூடும் முறையையே தம் பொருளாகக் கொண்டுள்ளன. சந்து, முடுக்கு, முட்டுச்சந்து, முச்சந்தி, சதுக்கம், தெருக்குத்து ஆகியவை அத்தகையன.

நகரங்கள் புறநோக்கிப் பரவும்போது தெருக்களின் இணைவு மாறுகிறது. தெருக்களைச் சுட்டும் சொற்களும் மாறுகின்றன. புதிய குடியிருப்புகளில் வழங்கும் பெயர்கள் தெருவின் இணைவைப் பெரும்பாலும் தெரிவிப்பதில்லை. நகரமைப்பு ஆவணங்களைத் தமிழில் பெயர்ப்போரும் இவ்வேறுபாட்டைக் கருதாது பொதுச்சொற்களைப் பயன்படுத்துவாராயின், ஒரு தெரு ஊடுசெல்லுமா முட்டிநிற்குமா என்பதை அத்தெருவில் வாழ்வோரே ஆவணத்திலிருந்து அறிய இயலாது போகும். இதனைப் புதுச்சேரி நகரைச் சான்றாகக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். திட்டமிட்ட கட்ட அமைப்புடைய பழைய நகரும் அதனைச் சூழ்ந்து பரவிய புறநகரும் சில கிலோமீட்டர் எல்லைக்குள் அருகருகே அமைந்திருத்தலும், பிரெஞ்சு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிச் சொற்களும் தெருக்களில் வழங்குதலும் இந்நகரை இவ்வாய்வுக்கு ஏற்றதாக்குகின்றன.

2. தெரு இணைவு என்பது யாது?

தெரு இணைவை அளத்தல் கோட்டுருவியல் என்னும் கணிதப் பிரிவின் அடிப்படையில் நிகழ்கிறது. 1736இல் கணிதவியலார் ஆய்லர் கோனிக்சுபெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றாக ஒரு முறை மட்டும் கடந்து நகரைச் சுற்றிவர இயலுமா என்னும் வினாவுக்கு விடை கண்டார். பாலங்களின் நீளமோ அகலமோ அவ்விடைக்குத் தேவைப்படவில்லை. எந்த நிலப்பகுதி எதனோடு இணைந்துள்ளது என்பதே தேவைப்பட்டது. தெரு இணைவு பற்றிய அளவைகளும் இம்முறையையே பின்பற்றுகின்றன. தெருக்கள் கூடும் இடமும் தெரு முடியும் இடமும் முனைகள் எனப்படும். இரு முனைகளுக்கு இடைப்பட்ட தெருப்பகுதி துண்டு எனப்படும்.

வடக்கு தெற்காக நான்கு தெருக்களும் கிழக்கு மேற்காக நான்கு தெருக்களும் குறுக்கிடும் ஒரு சிறு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 16 முனைகளும் 24 துண்டுகளும் உள்ளன. ஒரு முனைக்கு 1.5 துண்டு என்னும் விகிதம் அமைகிறது. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சம நீளமுடைய 20 குறுகிய வழிகள் உள்ளன. ஒரு தெருவில் பள்ளம் தோண்டப்பட்டாலும் பிற வழிகள் திறந்தேயிருக்கும். இதே 16 முனைகளை ஒரு மரத்தின் கிளைகளைப்போல அமைத்தால் 15 துண்டுகளே போதும். விகிதம் ஒன்றுக்கும் கீழே செல்லும். இவ்வமைப்பில் எந்த இரு முனைகளுக்கும் இடையில் ஒரே ஒரு வழிதான் உண்டு. அதில் ஒரு துண்டு அடைபட்டால் அதற்கு அப்பாலுள்ளோர் அனைவரும் வெளிச்செல்ல இயலாது நிற்பர்.

முதல் அமைப்பைக் கட்ட அமைப்பு என்றும், இரண்டாவதைக் கிளை அமைப்பு என்றும் கூறலாம். மெய்யான நகரங்கள் இவ்விரண்டிற்கும் இடையில் அமைகின்றன. முனைகளில் எத்தனை பங்கு முட்டுமுனைகள், ஒரு சந்தியில் கூடும் தெருக்கள் எத்தனை, இரு வீடுகளுக்கிடையே நேர்த்தொலைவைவிட நடைத்தொலைவு எத்தனை மடங்கு என்பன போன்ற அளவைகளால் நகரின் இணைவு மதிப்பிடப்படுகிறது.

நடைத்தொலைவு பற்றிய அளவையை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். நெடுஞ்சாலையின் ஒரே பக்கத்தில் இரு மனைப்பிரிவுகள் அடுத்தடுத்து உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நெடுஞ்சாலையில் ஒரே வாயில். வாயில்களுக்கு இடையே 300 மீட்டர். இரு மனைப்பிரிவுகளின் எல்லைச் சுவரின் இரு புறமும், வாயிலிலிருந்து உள்ளே 500 மீட்டர் தொலைவில், இரு வீடுகள் முதுகோடு முதுகு பொருந்த நிற்கின்றன. ஒரு வீட்டில் தாளிக்கும் மணம் மறு வீட்டிற்கு எட்டும். ஆயினும் ஒருவர் மற்றவர் வீட்டு வாயிலை அடைய 1,300 மீட்டர் நடக்கவேண்டும். அதிலும் ஒரு பகுதியை நெடுஞ்சாலை ஓரத்தில் நடக்கவேண்டும். அவர் நடக்கமாட்டார், வண்டியை எடுப்பார். இணைவு குறைந்த புறநகரங்களில் ஊர்திப் பயன்பாடு மிகுவதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

முட்டித்தெருக்களை விரும்பி அமைக்கும் வழக்கம் மேலைநாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வலுப்பெற்றது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 1929இல் தொடங்கிய ராட்பர்ன் குடியிருப்பு அதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஊர்திகள் ஊடுசெல்லாத தெருவில் பிள்ளைகள் அச்சமின்றி விளையாடலாம் என்பது அதன் அடிப்படைக் கருத்து. ராட்பர்னில் நடந்துசெல்வோருக்கெனத் தனிப்பாதைகளும் அமைக்கப்பட்டிருந்தன. பின்னர் வந்தோர் பலர் முட்டித்தெருவை எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டனர். பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் ஆகிய இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் புதிய தெருக்களின் இணைவுக் குறைவு 1990களின் நடுவில் உச்சத்தை எட்டிப் பின்னர்த் தணியத் தொடங்கியதைக் காட்டியது. உலக நாடுகள் பலவற்றையும் உள்ளடக்கி 2020இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வோ, 1975க்குப் பிந்தைய காலத்தில் உலகின் பெரும்பகுதியில் புதிய தெருக்கள் மேன்மேலும் இணைவு குன்றியனவாக அமைந்துவருவதைக் காட்டியது. கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தெருவின் கோட்டை மாற்றுதல் அரிது. எனவே ஒரு தலைமுறை வகுக்கும் தெரு பல தலைமுறைகளைக் கட்டுப்படுத்துகிறது.

3. புதுச்சேரி: கட்டமும் கிளையும்

புதுச்சேரியை 1693இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1699இல் அது மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. இவ்விடைக்காலத்தில் ஒல்லாந்தர் நேர்கோட்டுத் தெருக்களைக் கொண்ட நகர வரைபடம் ஒன்றைத் தயாரித்தனர். பின்னர் வளர்ந்த நகர் பெரிதும் அக்கட்ட அமைப்பையே தழுவியது. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தகர்த்தபோதிலும், 1765க்குப் பின்னர் அது மீண்டும் கட்ட அமைப்பிலேயே எழுப்பப்பட்டது. சுவர்கள் வீழ்ந்தும் தெருவின் கோடுகள் நிலைத்தன என்பது மேலே கூறிய கருத்துக்குத் தக்க சான்றாகும்.

இப்பழைய நகரில் தெருக்கள் பெரும்பாலும் ஊடுசெல்வன. நேரு வீதி மிஷன் வீதி, காந்தி வீதி, பாரதி வீதி ஆகியவற்றைக் குறுக்கிட்டுச் சென்று அண்ணா சாலையை அடைகிறது. நகரைச் சூழ்ந்து நீள்வட்டமாக ஒரு சாலை ஓடுகிறது. வடக்கில் சர்தார் வல்லபாய் படேல் சாலை, மேற்கில் அண்ணா சாலை, தெற்கில் சுப்பையா சாலை, கிழக்கில் கடற்கரைச் சாலை என அது வழங்கும். இவ்வட்டச் சாலையைக் குறித்த பிரெஞ்சுச் சொல் ‘பூல்வார்’. அரண் என்னும் பொருளுடைய பழைய டச்சுச் சொல்லிலிருந்து பிறந்து, இடிக்கப்பட்ட அரணின்மேல் அமைந்த அகன்ற சாலையைக் குறிக்க வந்த சொல் இது. புதுச்சேரியில் அச்சொல்லின் வரலாறும் நிலத்தின் வரலாறும் ஒத்து நிற்கின்றன. நகரின் எல்லையாய் நின்ற அரண் இருந்த இடத்தில், நகரின் பகுதிகளை இணைக்கும் சாலை அமைந்தது.

கிழக்கே கடலாதலால் நகரம் வடக்கிலும் மேற்கிலும் தெற்கிலுமே பரவ இயன்றது. முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை, நெல்லித்தோப்பு, இலாசுப்பேட்டை, தட்டாஞ்சாவடி, இரெட்டியார்பாளையம், மூலக்குளம் முதலிய ஊர்கள் நகரோடு ஒட்டின. பேட்டை, பாளையம், தோப்பு, சாவடி, குளம் என்னும் இவற்றின் ஈறுகள் முந்தைய நிலப்பயன்பாட்டை இன்றும் தெரிவிக்கின்றன. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரி நகராட்சியும் அதனை அடுத்த உழவர்கரை நகராட்சியும் ஏறத்தாழச் சமமான மக்கள்தொகை கொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் 2.2 இலட்சம் என்னும் அளவு. 2011இல் புதுச்சேரி நகராட்சியில் ஏறத்தாழ 2.44 இலட்சம் பேரும், உழவர்கரை நகராட்சியில் ஏறத்தாழ 3 இலட்சம் பேரும் வாழ்ந்தனர். பத்தாண்டுகளில் சேர்ந்த மக்களில் பெரும்பாலோர் கட்ட அமைப்புக்கு வெளியே குடியேறினர் என்பது இதனால் பெறப்படும்.

இப்பரவல் நிகழும் முறை இந்தியச் சிறுநகரங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. வயலோ தோப்போ ஒருவரது உடைமையாக இருக்கும். அது மனைப்பிரிவாக மாறும்போது அதன் தெருக்கள் அவ்வுடைமையின் எல்லைக்குள் மட்டுமே வகுக்கப்படுகின்றன. உட்தெரு அடுத்தவர் வரப்பைத் தொட்டதும் நின்றுவிடும். சில ஆண்டுகள் கழித்து அடுத்த வயலும் மனைப்பிரிவாகும்போது அதன் தெரு இதன் தெருவுக்கு நேராக அமையவேண்டும் என்னும் கட்டாயம் விற்போருக்கு இல்லை. ஊடுசெல்லும் தெருவுக்கு விடும் நிலம் விற்பனைக்கு ஆகாத நிலம். இவ்வாறு வரப்புகள் அழிந்தபின்னும் அவற்றின் கோடுகள் தெருமுடிவுகளாக எஞ்சுகின்றன. புதுச்சேரியில் இதனோடு மற்றுமோர் இடர் உண்டு. ஒன்றியப் பகுதியின் நிலம் தமிழ்நாட்டின் நிலத்தோடு துண்டு துண்டாகக் கலந்து கிடப்பது. வடக்கே முத்தியால்பேட்டையைக் கடந்ததும் கோட்டக்குப்பம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்தது. ஒரே நகர்ப்பரப்பில் இரு அரசுகளின் விதிகள் செயற்படுகின்றன.

4. இணைவைச் சுட்டும் சொற்கள்

தமிழில் தெருவையும் சந்தியையும் குறிக்கும் சொற்களை அவை தரும் இணைவுச் செய்தி நோக்கிப் பின்வருமாறு பகுத்துக் காணலாம்.

முதலாவது வகை, கூடுமிடத்தைக் குறிக்கும் சொற்கள். ‘சந்தி’ என்பது வடமொழியிலிருந்து வந்து தமிழில் இரு களங்களில் நிலைபெற்றது. தெருக்கள் கூடுமிடம் ஒன்று. சொற்கள் கூடுமிடம் மற்றொன்று. வீரசோழியம் தன் எழுத்திலக்கணப் பகுதியைச் சந்திப்படலம் என்றே பெயரிட்டு வழங்குகிறது. முச்சந்தி, நாற்சந்தி என்னும் தொகைச்சொற்கள் கூடும் தெருக்களின் எண்ணிக்கையையும் உடன் தெரிவிக்கின்றன. நகரமைப்பு அளவையில் ‘முனையின் படி’ எனப்படும் எண்ணைத் தமிழ் வழக்கு சொல்லின் முதனிலையிலேயே வைத்துள்ளது என்பது நோக்கத்தக்கது.

‘சதுக்கம்’ என்பதும் நான்கு தெருக்கள் கூடும் இடத்தைக் குறிக்கும் பழஞ்சொல். சிலப்பதிகாரம் கூறும் சதுக்கப்பூதம் புகார் நகரின் அத்தகைய இடத்தில் நின்றது. பிற இடங்களில் இச்சொல் நினைவிடத்தையோ திறந்தவெளியையோ குறிக்க வழங்க, புதுச்சேரியில் சாலைகள் கூடுமிடம் என்னும் பழம்பொருளிலேயே அன்றாட வழக்கில் உள்ளது. இந்திரா காந்தி சதுக்கம், இராஜீவ் காந்தி சதுக்கம் என்பன பல சாலைகள் கூடும் பெருஞ்சந்திகளின் பெயர்கள்.

நெடுஞ்சாலையிலிருந்து ஊர்ச்சாலை கிளைக்கும் இடத்திற்கு வட்டாரந்தோறும் பெயர் வேறுபடுகிறது. வட மாவட்டங்களில் ‘கூட்டுரோடு’ என்பர். கொங்குப் பகுதியில் ‘பிரிவு’ என்பர். தென் மாவட்டங்களில் ‘விலக்கு’ என்பர். சந்தி ஒன்றே, வட வழக்கு சாலைகள் கூடுவதை நோக்குகிறது, கொங்கு வழக்கும் தென் வழக்கும் அவை பிரிவதை நோக்குகின்றன. பேருந்து நிறுத்தப் பெயர்களாக இவை நிலைத்துள்ளமையால், வெளியூரார் ஒருவர் பெயரைக் கேட்டவுடனே அங்கு இறங்கி வேறு வழி பிடிக்கவேண்டும் என்பதை உணர்கிறார்.

இரண்டாவது வகை, தெரு முடியும் முறையைக் குறிக்கும் சொற்கள். ‘சந்து’ என்னும் சொல் உடலின் மூட்டையும் இரு பொருள்களுக்கு இடைப்பட்ட வெளியையும் குறிப்பது. தெருப்பெயராக, இரு தெருக்களை இணைக்கும் குறுகிய வழியையும் குறிக்கிறது. வழி அடைபட்டிருப்பின் வெறும் சந்து என்னாது ‘முட்டுச்சந்து’ எனல் வழக்கு. அடைமொழி தேவைப்படுகிறது என்பதனால், அடைமொழியற்ற சந்து இயல்பாக ஊடுசெல்லுவது என்னும் எதிர்பார்ப்பு மொழியில் உறைந்துள்ளதை அறியலாம். தென் மாவட்டங்களில் வழங்கும் ‘முடுக்கு’ என்பது வீடுகளுக்கு இடைப்பட்ட மிகக் குறுகிய வழி; வண்டி செல்லாது, ஆள் செல்லலாம்.

‘தெருக்குத்து’ என்னும் சொல் தனித்துக் கருதத்தக்கது. ஒரு தெரு நேராக வந்து ஒரு வீட்டின் முகப்பில் முட்டுமாறு அமைந்தால் அவ்வீட்டிற்குத் தெருக்குத்து உண்டு என்பர். அங்குப் பிள்ளையாரை எழுந்தருளச் செய்வதும் உண்டு. நம்பிக்கை எதுவாயினும், மூன்று தெருத்துண்டுகள் கூடும் ஒரு முனையை, அதனை எதிர்கொள்ளும் வீட்டின் நோக்கிலிருந்து பெயரிட்ட சொல் இது.

மூன்றாவது வகை, சுற்றிவரும் தெருக்களைக் குறிப்பது. மாடவீதி, இரதவீதி என்பன கோயிலைச் சூழ்ந்த தெருக்கள். தேர் பின்னோக்கி வாராது. புறப்பட்ட நிலைக்கு முன்னோக்கியே சுற்றி வந்து சேரவேண்டும். எனவே மாடவீதி நான்கு முனைகளும் நான்கு துண்டுகளும் கொண்ட அறாத வளையமாக இருந்தே ஆகவேண்டும். புதுச்சேரிக்கு மேற்கே வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் இதனைக் காணலாம். ஆண்டுக்கு ஒரு முறை வரும் தேருக்காக அத்தெருக்களின் இணைவு காக்கப்படுகிறது.

நான்காவது வகை, செல்லுமிடத்தால் பெயர்பெறுவன. விழுப்புரம் சாலை, கடலூர் சாலை, வழுதாவூர் சாலை என்பன அச்சாலை எங்குச் சேரும் என்பதைத் தெரிவிக்கின்றன. இவையும் இணைவுச் செய்தி தருவனவே.

5. இணைவைச் சுட்டாத பெயர்கள்

புதிய மனைப்பிரிவுகளில் வழங்கும் பெயர்கள் வேறு இயல்பின. குடியிருப்பின் பெயர் நகர், கார்டன், அவென்யூ, விரிவு என்னும் ஈறுகளுள் ஒன்றைக் கொண்டது. ‘அவென்யூ’ பிரெஞ்சு மொழியில் ஓரிடத்தை நோக்கிச் செல்லும் அகன்ற சாலையைக் குறிக்க, இங்கு மனைப்பிரிவு முழுமைக்கும் பெயராகிறது. சாலைப் பெயர்களுட் சில அகலத்தால் அமைகின்றன. புதுச்சேரியின் நூறடிச் சாலை அவ்வகையது. இந்திரா காந்தி சதுக்கத்தையும் இராஜீவ் காந்தி சதுக்கத்தையும் இணைக்கும் முதன்மையான சாலையாக இருந்தும், அதன் பெயர் அகலத்தை மட்டுமே கூறுகிறது. உட்தெருக்கள் எண்ணால் பெயர்பெறுகின்றன: முதல் குறுக்குத் தெரு, இரண்டாவது குறுக்குத் தெரு என்றவாறு.

இவற்றுள் ‘குறுக்குத் தெரு’ என்னும் பெயரின் பொருள்மாற்றம் கருதத்தக்கது. குறுக்கு என்பது ஒன்றை வெட்டிச் செல்வது. குறுக்குவழி என்பது தொலைவைக் குறைப்பது. கட்ட அமைப்பில் குறுக்குத் தெரு இரு நெடுந்தெருக்களை மெய்யாகவே இணைக்கிறது. கிளை அமைப்புடைய மனைப்பிரிவிலோ முதன்மைத் தெருவில் தொடங்கும் குறுக்குத் தெரு எதனையும் குறுக்கிடாமல் எல்லைச் சுவரில் முடிகிறது. அதனை முட்டுத்தெரு எனலே பொருத்தம். ஆயினும் எந்த விற்பனை விளம்பரமும் அவ்வாறு கூறாது. பெயர் இணைவைக் காட்ட, நிலம் இணைவை மறுக்கிறது. இங்குச் சொல் வழக்கொழியவில்லை. பொருள் வெறுமையுற்று வடிவம் மட்டும் நிலைத்துள்ளது.

எண்பெயர் மற்றொரு வகையிலும் குறைபடுகிறது. மூன்றாவது குறுக்குத் தெருவுக்கு அடுத்தது நான்காவது என்பதை எண் தெரிவிக்கும். மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு முதன்மைத் தெருவுக்குத் திரும்பாமல் செல்லலாமா என்பதைத் தெரிவிக்காது. அஞ்சல் ஊழியரும் எரிவளி உருளை கொண்டுவருவோரும் நோயாளர் ஊர்தி ஓட்டுநரும் அறியவேண்டுவது இரண்டாவது செய்தியையே.

2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரு நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாழ்ந்த குடியிருப்புகளிலிருந்து மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். நீர் தேங்கியமைக்குத் தெருவின் இணைவு காரணமன்று. நிலத்தின் தாழ்வும் வடிகாலின் குறையும் பெருமழையும் காரணம். ஆயினும் நீர் சூழ்ந்த குடியிருப்பிலிருந்து வெளியேற எத்தனை வழிகள் உள்ளன என்பது இணைவைப் பொறுத்ததே. ஒரே வாயிலுடைய குடியிருப்பில் அவ்வாயில் மூழ்கினால், உயர்ந்த பகுதியில் உள்ளோரும் வெளியேற இயலாது.

6. மொழிபெயர்ப்பில் எழும் இடர்கள்

நகர வளர்ச்சித் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, குறித்த காலத்திற்குள் மக்களிடமிருந்து மறுப்புகளையும் கருத்துகளையும் பெறுதல் நகரமைப்புச் சட்டங்களின் பொது நடைமுறை. வரைவு பெரும்பாலும் ஆங்கிலத்தில் உருவாகித் தமிழில் பெயர்க்கப்படுகிறது. மறுப்புக்குரிய காலம் கடந்தபின் திட்டம் உறுதியாகும். ஆதலின் தமிழ்ச் சொல்லின் தெளிவு நடையழகைச் சார்ந்தது மட்டுமன்று. மக்களின் உரிமையையும் சார்ந்தது.

‘கனெக்டிவிட்டி’ என்பதற்கு ‘இணைப்பு’ என்பதே பெருவழக்கு. ஆனால் மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, கைப்பேசி இணைப்பு என்னும் வழக்குகளில் இணைப்பு என்பது மையத்திலிருந்து ஒரு வீட்டிற்கு வரும் ஒற்றைத் தொடர்பு. அது கிளை அமைப்பின் தொடர்பு. ‘இக்குடியிருப்புக்கு இணைப்புச் சாலை அமைக்கப்படும்’ என்னும் தொடரை நெடுஞ்சாலையிலிருந்து ஒரு வழி என்றும் கொள்ளலாம்; அண்டைக் குடியிருப்போடு சேர்க்கும் வழி என்றும் கொள்ளலாம். படிப்பவர் தம் விருப்பத்திற்கேற்ப ஒன்றைக் கொண்டு மறுப்பு எழுதாதிருந்துவிடுவார். தெருக்கள் தமக்குள் கூடும் தன்மையை ‘தெரு இணைவு’ என்றும், நெடுஞ்சாலையிலிருந்து வரும் வழியை ‘அணுகுசாலை’ என்றும், இரு குடியிருப்புகளைச் சேர்ப்பதை ‘இணைப்புச் சாலை’ என்றும் வரையறுத்து வழங்கின் இம்மயக்கம் நீங்கும். தெருக்களின் முழுத்தொகுதியைத் ‘தெருப்பின்னல்’ எனலாம். பின்னலில் இழைகள் பல இடங்களில் கூடும் என்னும் பொருள் அதிலேயே உண்டு.

‘குல்-தெ-சாக்’ என்னும் பிரெஞ்சுத் தொடருக்குப் பையின் அடி என்பது நேர்ப்பொருள். இன்றைய பிரெஞ்சுத் தெருப்பலகைகளில் ‘அம்பாஸ்’ என்னும் சொல்லே பெரிதும் காணப்படுகிறது. ஆங்கிலமோ பழைய பிரெஞ்சுத் தொடரைப் புறநகர் வீட்டுமனையின் சிறப்பைக் கூறும் சொல்லாக்கிக்கொண்டது. இதனைத் தமிழில் ‘குருட்டுத் தெரு’ எனப் பெயர்த்தல் ஆங்கிலத்தின் மற்றொரு தொடரை அப்படியே தமிழாக்குவதாகும். ‘முடிவுறு சாலை’ எனப் பெயர்த்தல், பணி நிறைவுற்ற சாலை என்னும் மயக்கத்தைத் தரும். ‘முட்டுத்தெரு’, ‘முட்டுச்சந்து’ என்பன கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கே அறிந்தவை. இவை பேச்சுவழக்குச் சொற்கள் என்னும் தயக்கத்தால் ஆவணங்களில் விலக்கப்படுதல் தவிர்க்கத்தக்கது. அகல அளவால் இரண்டும் வேறுபடுதலையும் மொழிபெயர்ப்பாளர் கருதலாம்: ஊர்தி செல்வது முட்டுத்தெரு, செல்லாதது முட்டுச்சந்து.

‘ஸ்ப்ராவல்’ என்பதற்கு ‘நகர விரிவாக்கம்’ என்னும் பெயர்ப்பு பொருந்தாது. விரிவாக்கம் என்பது ஒருவர் எண்ணித் திட்டமிட்டுச் செய்வது; சாலை விரிவாக்கம், மருத்துவமனை விரிவாக்கம் என நன்மையாகவே வழங்குவது. ஆங்கிலச் சொல்லோ கைகால்களை ஒழுங்கின்றி நீட்டிக் கிடத்தலைக் குறித்துக் குறைகூறும் சொல். ‘நகரப் பரவல்’ என்பது நடுநிலையானது. குறைகூறும் குறிப்பு தேவைப்படும் இடத்தில் ‘ஒழுங்கற்ற பரவல்’ என்றும், இடையிடையே வெற்று நிலம் விட்டுத் தாவிச் செல்வதைக் குறிக்கும் இடத்தில் ‘சிதறற் பரவல்’ என்றும் வேறுபடுத்தலாம். மூலநூலார் குறைகூறியதை மொழிபெயர்ப்பு பாராட்டாக மாற்றிவிடக் கூடாது.

தலைகீழான இடரும் உண்டு. தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலமாக்கும்போது செக்குபந்தியில் வரும் தெரு, சந்து, வண்டிப்பாதை, நடைபாதை ஆகிய அனைத்தையும் ஒரே சொல்லால் பெயர்த்துவிடின், எவ்வகை வழியில் எவருக்குப் பாத்தியம் உண்டு என்னும் செய்தி அழிந்துவிடும். வண்டிப்பாதை என்பதில் வண்டி செல்லும் உரிமை அடங்கியுள்ளது. சந்து என்பதில் மறுமுனையும் திறந்தது என்னும் குறிப்பு உண்டு. அடுத்த மனைக்காரர் அங்குச் சுவர் எழுப்பும்போது வழக்காடுவோருக்கு எஞ்சியிருக்கும் சான்று அச்சொல்லாகவே இருக்கக்கூடும்.

இவ்விடத்தில் புதுச்சேரியின் தெருப்பலகைகள் ஒரு பாடமாக அமைகின்றன. சின்ன வாய்க்கால் வீதி என்னும் தமிழ்ப்பெயரும் சிறிய வாய்க்காலின் தெரு எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரும் ஒன்றையொன்று சரியாகப் பெயர்க்கின்றன. இரு மொழியாரும் ஒரே நிலத்தைப் பார்த்துப் பெயரிட்டமையே இதற்குக் காரணம். நகரமைப்பு ஆவணத்தின் மொழிபெயர்ப்பாளரும் மூலத்தின் சொல்லோடு வரைபடத்தையும் உடன்வைத்துப் பார்ப்பது நலம்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். தமிழின் தெருச்சொற்கள் இணைவின் அடிப்படையில் நுட்பமாக வேறுபடுத்தப்பட்டவை. நகரமைப்புக் கலைச்சொல்லாக்கத்திற்கு அவை ஆயத்தமான கருவூலம். நகரப் பரவலில் தோன்றிய பெயர்கள் இணைவுச் செய்தியை இழந்தவை. சில அதனைப் பொய்யாகக் காட்டுபவை. இவ்வேறுபாட்டைக் காக்கும் மொழிபெயர்ப்பு, மக்கள் தம் தெருவின் எதிர்காலத்தைத் தாமே படித்தறிந்து கருத்துரைக்க உதவும்.

இந்தியச் சிறுநகரங்கள் பலவற்றில் மனைப்பிரிவுகள் இன்னும் வகுக்கப்பட்டுவருகின்றன. பிற மொழிகளிலும் தெருச்சொற்களை இணைவு நோக்கில் தொகுத்து ஒப்பிடின், இந்திய நகர்ப்புறச் சொல்லகராதி ஒன்றுக்கு அது அடிப்படையாக அமையும். ஒரு மனைப்பிரிவின் வரைபடத்தில் ‘நான்காவது குறுக்குத் தெரு’ என எழுதப்பட்டிருப்பதை அடித்து, அதன் மெய்ந்நிலைக்கேற்ப ‘முட்டுத்தெரு’ என எழுதினால், அதனை அடுத்த மனைப்பிரிவோடு சேர்க்க வழி உண்டா என்று வாங்குவோரும் ஒப்புதல் அளிப்போரும் வினவும் வாய்ப்பேனும் தோன்றும்.